லைல் ஹாகன் வண்டியில் எங்கே கோளாறு

எங்கள் முகாமில் காலை வணக்கம் சொல்கிற வழக்கம் கிடையாது. வோல்ட் சொல்கிற வழக்கம் உண்டு.

ஒன்பது மணிக்கு அவரவர் மடக்கு நாற்காலியையும் காப்பிக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு நெருப்புக் குழியைச் சுற்றி வந்து உட்காருவோம். உட்கார்ந்ததும், விடிந்தபோது தன் வண்டியின் பேட்டரி என்ன காட்டியது என்று ஒவ்வொருவரும் அறிவிக்க வேண்டும். பன்னிரண்டு புள்ளி ஏழு என்று சொல்பவர் முகத்தில் மணமேடை களை இருக்கும். புள்ளி நாலு என்றால் "நேத்து கொஞ்சம் மேகமா இருந்துச்சு" என்று சமாதானமும் சேர்ந்து வரும். பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியவர் அன்றைக்குக் காப்பிக்கே வரமாட்டார். தலைவலி என்று மனைவியிடம் சொல்லியனுப்புவார். புல் வெட்டுவது, பனி வாருவது, பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாத் தளைகளையும் அறுத்துக்கொண்டு, வீட்டையே வண்டியாக்கி, அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே வந்து குந்தியிருந்த நாற்பது குடும்பங்களின் சுதந்திரம், இப்படித்தான் தினமும் புள்ளிக்கு அப்புறம் ஓர் இலக்கம் வரை அளக்கப்பட்டது.

அந்த வருஷம் ஜனவரி மாதம் முழுக்க லைல் ஹாகன் சொன்ன எண் ஒன்றேதான். பன்னிரண்டு புள்ளி ஏழு. ஒரு நாள்கூட ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இயற்கையில் அப்படி ஒரு பேட்டரி கிடையாது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்த எனக்கே அது உறைக்கவில்லை. லைல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த நாற்பது வண்டிகளில் அவர் கைபடாத வண்டி ஒன்றுகூட இல்லையே.

அவருக்கு வயது எழுபத்தெட்டு. வடக்கு டக்கோட்டாக்காரர். தொலைபேசிக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறியவர். அதில் ஒரு பனிப்புயலுக்கு இரண்டு கால்விரல் நுனிகளைக் கொடுத்துவிட்டு வந்தார். அதைப் பற்றிக் கேட்டால், "மிச்சம் எட்டு நல்லாத்தான் இருக்கு" என்பார். உயரமான ஆள். பேச்சு அளந்துதான் வரும். யாருடைய விளக்காவது மங்கினால், தண்ணீர் பம்பு முனகினால், ஃபிரிட்ஜ் கோபித்துக்கொண்டால், மஞ்சள் மீட்டரை கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். முடித்ததும் தொட்ட ஒயரில் ஒரு துண்டு வெள்ளை டேப் சுற்றி, செய்த வேலையையும் தேதியையும் பென்சிலால் எழுதிவிட்டுப் போவார். கூலி வாங்கமாட்டார். 'பை' என்கிற பலகாரம் சுட்டுத் தந்தால் மறுக்கமாட்டார்; உள்ளே ஆப்பிள் வைத்ததாக இருக்க வேண்டும்.

அவர் மனைவி ஆர்லிஸ். அவர்கள் கல்யாணமே ஒரு மின்கோளாறில் ஆரம்பித்ததுதான். அறுபத்து மூன்றாம் வருஷம், ஆகஸ்டு வறட்சி. ஆர்லிஸின் அப்பா பண்ணையில் தொலைபேசி கரகரவென்று ஒரே இரைச்சல். பழைய கம்பி முறை அது. போவதற்கு ஒரு கம்பி. திரும்பி வருவதற்கு மண்தான் வழி. வந்து இறங்கிய இளைஞனிடம் வீடே கூடி நின்று மேலே போகிற கம்பியைக் காட்டியது. அவன் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் வீட்டுக்குப் பின்னால் போய், மண்ணில் அடித்திருந்த இரும்புத் தடியின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். இரைச்சல் நின்றுவிட்டது.

"போற ஒயரைத்தான் எல்லாரும் பாப்பாங்க. திரும்பி வர்ற வழியை எவனும் பாக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைதோறும் ஒரு வாளி ஊற்றும்படி அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.

இந்தக் கதையை லைல் சொன்னால் இத்துடன் முடிந்துவிடும். ஆர்லிஸ் சொன்னால் இன்னும் ஒரு வரி உண்டு. "நான் ஒரு சனிக்கிழமைகூட ஊத்தலை. ஊத்தியிருந்தா அவர் எதுக்குத் திரும்ப வரப்போறாரு?"

வீட்டை விற்று வண்டி வாங்கி, பதினோரு குளிர்காலம் எங்களோடு கழித்தார்கள். பத்தாவது வருஷம் ஆர்லிஸின் நுரையீரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. மூக்கில் குழாய் வந்தது. குழாயின் மறுமுனையில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் ஒன்று, வயசான நாய் மாதிரி சோபாவுக்குப் பக்கத்தில் மூச்சிரைத்துக்கொண்டு உட்கார்ந்தது. வண்டியின் பேட்டரிதான் அதற்குத் தீனி. மின்சாரம் குறைந்தால் பீப் பீப் என்று கத்தும். இன்னும் குறைந்தால் நின்றுவிடும். நின்றால் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர். அது இரண்டு மணி நேரம் வரும்.

டிசம்பரில் ஒருமுறை நின்றது. சிலிண்டரை மாற்றுவதற்குள் ஆர்லிஸின் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வடக்கு டக்கோட்டாவில், ஃபார்கோவிலிருந்து மகள் கிர்ஸ்டன் போனில் பேசியது பக்கத்து வண்டியில் இருந்த எனக்கே கேட்டது.

"அந்த மிஷின் இன்னொரு தடவை நின்னுச்சுன்னா நான் யாரையும் கேக்கமாட்டேன். வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவேன். ரூம் சொல்லி வச்சாச்சு."

அந்த ரூமின் படத்தை ஆர்லிஸ் எங்களுக்குக் காட்டினாள். முதியோர் விடுதி, தரைத்தளம், ஒரே ஜன்னல். "ஜன்னலைத் திறந்தா முப்பத்தி ரெண்டு கார் தெரியும். எண்ணிட்டேன்" என்றாள். அவளுக்கு இங்கே ஜன்னலைத் திறந்தால் காடைகள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வரிசையாகப் போவது தெரியும். உலர்ந்த காற்றில் மூச்சும் கொஞ்சம் சுலபம். சாகும்வரை இங்கேயே இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு அந்த மிஷின் நிற்காமல் ஓட வேண்டும். அதை ஓட வைக்கத்தான் அவளுக்கு லைல் இருந்தாரே.

ஜனவரி இரண்டாம் வாரம் பீப் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

மத்தியானம் மூன்று மணிவாக்கில் கேட்கும். லைல் வண்டிக்கு அடியில் நுழைவார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நிற்கும். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "பாத்தாச்சு" என்பார். மறுநாளோ அதற்கு மறுநாளோ திரும்பவும் கேட்கும். பேட்டரிகளை மாற்றினார். ஃபியூஸ் எல்லாவற்றையும் மாற்றினார். சிவப்பு ஒயர் போகிற பாதையெங்கும் பலகையைக் கழற்றி, வண்டியின் குடலை வெளியே எடுத்துப் போட்டார். காலையில் வந்து உட்கார்ந்து, பன்னிரண்டு புள்ளி ஏழு என்றார்.

முகாம் இதைக் கௌரவமாகக் கண்டுகொள்ளாமல் இருந்தது. டாக்டர் வீட்டில் இருமல் கேட்டால் யாராவது போய் விசாரிப்பார்களா?

ஒரேயொரு ஆளுக்கு அந்தக் கௌரவம் தெரியாது. பெர்னடீன் டகாச்சுக், எங்களுக்கு பெர்னி; கனடாவில் சஸ்காட்செவன் பக்கத்துக் கோதுமைப் பண்ணைக்காரி, எழுபது வயது. ஒயர் ஒட்டவேண்டுமென்றால் வீட்டுச் சுவர் ஒயரிங்கில் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டு முறுக்கிவிடுவாள். ஓடுகிற வண்டியில் அது கழன்றுவிடும் என்று லைலிடம் பல வருஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவள். ஜனவரி கடைசியில் ஒரு நாள், பீப் சத்தம் கால் மணி நேரமாகியும் நிற்கவில்லை. பெர்னி எழுந்து போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"யோவ் லைல், தள்ளு. நான் பாக்குறேன்."

"நீ பாக்குறதுக்கு இது டிராக்டர் இல்ல."

"டிராக்டரா இருந்தா போன வாரமே ஓடியிருக்கும்."

"தொப்பி போட்டு முறுக்குறவளை என் வண்டிக்குள்ள விடமாட்டேன்."

"முறுக்கினது இதுவரைக்கும் கழண்டதில்ல. உன்னுதைப் பாரு, ஊளையிடுது."

உள்ளேயிருந்து ஆர்லிஸின் குரல் வந்தது. சிலிண்டருக்கு மாறியிருந்தாள். "லைல், எனக்கு மூச்சு வாங்குறதுகூடப் பரவாயில்ல. நீங்க ரெண்டு பேரும் கத்துறதுதான் தாங்கல. ராய்ஸ்கிட்ட சிலிண்டரைத் திறக்கிற சாவி இன்னொன்னு இருக்கும், போய் வாங்கிட்டு வா."

ராய்ஸ் ஆப்பிள்வைட் என்பவர் முகாமின் மறுகோடியில், கூரையில் எட்டு சோலார் பலகையும் வாயில் எண்ணூறு அபிப்பிராயமும் வைத்திருப்பவர். லைல் தயங்கினார். பிறகு போனார். அவர் தலை மறைந்ததும் ஆர்லிஸ் மஞ்சள் மீட்டரை எடுத்து நீட்டினாள்.

"சீக்கிரம்" என்றாள்.

பேட்டரியில் வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டு புள்ளி ஏழு. அன்றைக்காவது லைல் சொன்னது பொய்யில்லை. பெர்னி மிஷினைப் போடச் சொன்னாள். பேட்டரியின் எண் அசையவில்லை, மிஷின் மட்டும் கத்தியது. அடுத்து அவள் செய்தது, லைல் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்குப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்த சோதனை. கறுப்பு முனையை பேட்டரியின் எர்த் பக்கத்தில் வைத்தாள். சிவப்பு முனையை வண்டியின் இரும்புச் சட்டத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே எர்த். நடுவே ஒன்றும் காட்டக்கூடாது.

"வாத்தியாரே, என்ன காட்டுது?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு."

"அப்போ திரும்பி வர்ற வழியிலதான் அடைப்பு. இவனா இதைப் பாக்காம விட்டான்?" என்று கேட்டுக்கொண்டே வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோனாள். "டார்ச்சு" என்றாள். கொடுத்தேன். குனிந்து நானும் உள்ளே போனேன்.

பேட்டரியின் எர்த் ஒயர், சட்டத்தில் ஒரு போல்ட்டில் சேர்கிறது. நட்டை பெர்னி இரண்டு விரலால் சுற்றிக் காட்டினாள். சுற்றியது. ஒயர் நுனியில் இருந்த செம்புக் காது உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ரேக்கு மாதிரி மெலிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒயரில் வெள்ளை டேப் துண்டுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு. லைலின் பென்சில் எழுத்து.

சுத்தம் செய்தேன், இறுக்கினேன், ஜனவரி 11.

சுத்தம் செய்தேன், இறுக்கினேன், ஜனவரி 17.

சுத்தம் செய்தேன், ஜனவரி 22.

சுத்தம் செய்தேன், ஜனவரி 22.

ஸ்பானர் மண்ணில் கிடந்தது, கையெட்டும் தூரத்தில்.

பெர்னி டேப்பை ஒவ்வொன்றாக உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நட்டை இறுக்கினாள். மேலே கத்தல் நின்று, மிஷின் தன் பழைய மூச்சிரைப்பைத் தொடங்கியது.

லைல் திரும்பி வந்தார். கையில் இரண்டு பம்பளிமாஸ் பழம். சாவி இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"எலியா?" என்றார், வண்டியைப் பார்த்து.

பெர்னி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "எலிதான். ஒயரைக் கடிச்சு வச்சிருந்துச்சு. சுத்திட்டேன்."

"தொப்பி போட்டா?"

"தொப்பி போட்டுத்தான்."

"நான் அப்பவே எலின்னு நினைச்சேன்" என்றார் லைல். அவ்வளவு நிம்மதியான முகத்தை அந்த மாதம் முழுவதும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் காப்பி வட்டம் முழுக்க எலிதான் பேச்சு. பாலைவனத்து எலி எங்கள் முகாமில் ஒரு அரசியல் சாசனப் பொறுப்பு வகிக்கிறது. எவன் செய்த பிழையும் அதன் தலையில்தான் விழும், அதுவும் மறுத்துப் பேசியதில்லை. ராய்ஸ் எழுந்து நின்று, புதினா எண்ணெய் எலிக்கு ஆகாது என்று இருபது நிமிஷம் உரையாற்றினார். லைல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெர்னி காப்பியைக் குடிக்காமல் நெருப்பில் ஊற்றினாள்.

அன்று பிற்பகல் ஆர்லிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். லைல் வெளியே பந்தல் நிழலில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எலி எங்கே கடிச்சுது பெர்னி?"

"எர்த் ஒயர்ல."

"செம்பையா கடிச்சுது? நல்ல பல்லு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எத்தனை டேப் இருந்துச்சு?"

பெர்னி என்னைப் பார்த்தாள். எனக்குத் தரையில் பார்க்க நிறைய இருந்தது.

"நாலு" என்றாள் பெர்னி.

"நாலுதானா? ஏழு தடவை அடியில போனாரு. நான் படுத்திருக்கிறது அதுக்கு நேர் மேல. தேய்க்கிற சத்தம் கேக்கும். அப்புறம் ஸ்பானரைத் தேடுற சத்தம் கேக்கும். அப்புறம் ஒண்ணும் கேக்காது. எதுக்கு வந்தோம்னு யோசிச்சுக்கிட்டு கிடப்பாருன்னு நினைக்கிறேன்."

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள் பெர்னி.

"போன வருஷத்துலேர்ந்து. டிசம்பர்ல சிலிண்டரை மாத்த ஏன் அவ்வளவு நேரமாச்சுன்னு நினைக்கிற? கையில சாவியை வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு."

பெர்னி சட்டென்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "இந்தா பாரு ஆர்லிஸ், நட்டு என் பொறுப்பு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நான் வந்து பாக்குறேன். சிலிண்டரை வாத்தியார் பாத்துக்கட்டும். அவனுக்குத் தெரியவே வேணாம்."

"நீ மார்ச்சுல கனடா போயிடுவ. ஆறு மாசத்துக்கு மேல இங்கே இருந்தா உன்னைப் பிடிச்சு அனுப்பிடுவாங்க. வாத்தியார் ஏப்ரல்ல போயிடுவாரு. அப்புறம்? இன்னிக்கு நட்டு, நாளைக்கு கேஸ் அடுப்பு. யார் காரையாவது இரவல் வாங்கி, தனியா ஓட்டிக்கிட்டு தண்ணி பிடிக்கப் போறாரு, தெரியுமா? போன வாரம் ரெண்டு மைல் தூரத்துக்கு மூணு மணி நேரம் ஆச்சு." ஜன்னலை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காலையில கிர்ஸ்டனுக்குப் போன் பண்ணிட்டேன்."

"மிஷின் இப்ப நல்லா ஓடுதே!" என்றாள் பெர்னி.

"ஓடுது. கிர்ஸ்டனுக்கு மிஷின் நின்னுச்சுன்னு சொல்லியிருக்கேன். லைலுக்கு என் நுரையீரல்னு சொல்லப்போறேன். இங்கே புழுதி ஒத்துக்கலைன்னு டாக்டர் சொன்னதா. நீங்க ரெண்டு பேரும் அதை மாத்திப் பேசிடாதீங்க."

லைல் அதை நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை, அந்த முடிவையே தனதாக்கிக்கொண்டார். மறுநாள் வட்டத்தில் எழுந்து நின்று, கம்பீரமாகச் சொன்னார்: "ஆர்லிஸுக்கு இந்தப் புழுதி ஆகலை. அவளுக்கு இந்த இடம்னா உயிர், போகமாட்டேன்னுதான் சொல்லுவா. நான்தான் கண்டிப்பா சொல்லிட்டேன். அவளுக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

எல்லோரும் கை தட்டினார்கள். ஆர்லிஸும் தட்டினாள்.

மருமகன் கர்ட் ஃபீனிக்ஸ் வரை விமானத்தில் வந்து இறங்கினான். பல் டாக்டர். வண்டி ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, ஸ்டீரிங்கை ஊசி போட்ட பல்லைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தான். பந்தல் சுருட்டியாயிற்று, படி மடக்கியாயிற்று. பெர்னி ஆப்பிள் பை ஒன்று சுட்டுக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். முகாம் முழுக்க வழியனுப்ப நின்றது. அப்போது ராய்ஸ் ஓடிவந்தார், ஷேவிங் நுரை பாதி முகத்தில்.

"லைல், என் தண்ணி பம்பு செத்துப்போச்சு. எட்டு பலகை இருக்கு, ஒரு சொட்டு வரலை!"

கர்ட் கடிகாரத்தைப் பார்த்தான். லைல் ஆர்லிஸைப் பார்த்தார்.

"போய்ட்டு வா. அவன் பாதி ஷேவோட நிக்கிறான்" என்றாள் ஆர்லிஸ்.

போனார். எல்லோரும் பின்னாலேயே போனோம். ஆர்லிஸும் சின்ன சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெர்னியின் கையைப் பிடித்துக்கொண்டு மெள்ள வந்தாள்.

லைல் பம்பைத் தொடவில்லை. ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு, மீட்டரை என்னிடம் கொடுத்தார். "கறுப்பு முனையை நேரா பேட்டரியில வை வாத்தியாரே. பாடியில வைக்காதே, பாடி பொய் சொல்லும்." வைத்தேன். சிவப்பு முனையை பம்பின் எர்த் ஒயரில் வைக்கச் சொன்னார். எண் எகிறியது. "போற ஒயரை விடு" என்று சொல்லிக்கொண்டே மண்டி போட்டு, அலமாரிக்குக் கீழே கையை விட்டு, துரு பிடித்த ஒரு முனையைத் தடவியே கண்டுபிடித்தார். கழற்றினார், தேய்த்தார், மாட்டினார். ஸ்பானரைக் கேட்டார், கேட்ட மாத்திரத்தில் வாங்கி, இறுக்கினார். பம்பு உறுமியது. குழாயில் தண்ணீர் கொட்டியது. டேப் துண்டு ஒன்றைக் கிழித்துத் தேதி எழுதினார். சரியான தேதி. எட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

"எட்டு பலகை வச்சா போதாது ராய்ஸ். ஒரு நட்டையாவது எப்பவாவது பாக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும், ஒருவர் பின் ஒருவராக, ஆர்லிஸைப் பார்த்தோம். யாரும் திட்டமிட்டுப் பார்க்கவில்லை. விஷயம் தெரிந்தது எனக்கும் பெர்னிக்கும் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். நாற்பது வண்டிக்காரர்களும் பார்த்த பார்வையில் அப்படித் தெரியவில்லை.

"ஆர்லிஸ்..." என்று ஆரம்பித்தாள் பெர்னி.

"பாத்தேன் பெர்னி" என்றாள் அவள். லைல் கை கழுவிக்கொண்டிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் பார்த்துவிட்டுப் போகிறவனைப் பார்க்கிற மாதிரி முழுசாக, தலையிலிருந்து கால் வரை. "அழகா பண்ணாரு. ஒரு குறையும் இல்ல. இன்னிக்குப் போறதுதான் நல்லது. வந்து ஏறச் சொல்லு."

ஏறினார்கள். லைல் முன்னிருக்கையில் உட்கார்ந்து, எந்த கியரில் மேடு ஏற வேண்டும் என்று கர்ட்டுக்கு விளக்க ஆரம்பித்தார். ஆர்லிஸ் பின் ஜன்னலில் தெரிந்தாள். கை காட்டவில்லை, குழாயைச் சரிசெய்துகொண்டாள். புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சாயங்காலம் நான் நடக்கப் போனபோது, ராய்ஸின் திறந்த வண்டிக்குள், பம்பு அலமாரிக்கு வெளியே பெர்னியின் இரண்டு பூட்ஸ் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ராய்ஸ் பக்கத்தில் நின்று எலிகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வெளியே வந்தாள், கையில் ஸ்பானர். கண்கள் சிவந்திருந்தன.

"என்ன ஆச்சு? லைல் மாட்டின நட்டு தளர்வா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள். "நானே அவ்வளவு இறுக்கியிருக்கமாட்டேன்."

ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, தன் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காப்பிக்கு வரவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்ப அவளுக்கு வீட்டில் ஆளும் இல்லை.